கிழக்கு கேலரியின் முழக்கம்

கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி சொந்த ஊரில் ஆடும் நாளில், பிற்பகலிலேயே கொச்சியின் மட்டாஞ்சேரியிலுள்ள கொச்சங்காடித் தெருக்களில் மஞ்சள் சட்டைகள் தலைகாட்டத் தொடங்கிவிடும். மசாலாக் கிடங்கில் சுமை இறக்கிவிட்டு வருபவர்கள், கல்லூரிப் பையன்கள், தகப்பன் கையைப் பிடித்து நடக்கும் சிறுமிகள் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் உண்டு. சிலர் பேருந்து ஏறுகிறார்கள், சிலர் பைக்கில் மூவராக நெருக்கியடித்துப் போகிறார்கள். இன்னும் சிலர் படகில் காயலைக் கடந்து எர்ணாகுளம் சேர்ந்து, அங்கிருந்து மெட்ரோ பிடித்து கலூர் அரங்கத்துக்குப் போகிறார்கள். போகிற வழியிலேயே மேளம் தொடங்கிவிடுகிறது.

இந்த மேளத்தையும் முழக்கத்தையும் கட்டுப்படுத்த வேண்டுமா என்ற கேள்வி விளையாட்டு உலகம் முழுவதும் எழுந்துகொண்டே இருக்கிறது. அரங்கத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் கேட்கிறார்கள், காது மருத்துவர்கள் கேட்கிறார்கள், எதிரணிப் பயிற்சியாளர்களும் கேட்கிறார்கள். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனிதத் தொண்டையிலிருந்தும் மேளத்திலிருந்தும் எழும் ஆரவாரத்தைத் தடுக்கக் கூடாது. வெடிமருந்தைத் தடுக்க வேண்டும், நிர்வாகத்தின் ஒலிபெருக்கியை அடக்க வேண்டும், ஆட்டம் முடியும் நேரத்துக்கு வரம்பு கட்ட வேண்டும். இதற்கான காரணங்கள் கொச்சியிலேயே கிடைக்கின்றன.

கொச்சங்காடி பல ஒலிகள் கலந்து வாழ்ந்த பழைய இடம். 1344-ல் இங்கே ஒரு யூதத் தொழுகைக்கூடம் எழுந்தது. அது அழிந்துவிட்டது, அதன் கல்வெட்டு மட்டும், பக்கத்து யூதத் தெருவில் 1568-ல் கட்டப்பட்ட பரதேசி தொழுகைக்கூடத்தின் சுவரில் பதிந்து நிற்கிறது. செம்பிட்டபள்ளி என்னும் பழைய பள்ளிவாசலும் கொச்சங்காடியில்தான் இருக்கிறது. கொங்கணிகள், கச்சி மேமன்கள், குஜராத்திகள், சமணர்கள் எல்லாரும் நடந்து போகும் தொலைவில் வாழ்கிறார்கள். ஃபோர்ட் கொச்சியின் வேளிப் பகுதியில் தமிழ் வண்ணார் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுத்து வருகின்றன. இப்படி நெருங்கி வாழும் ஊரில் ஒருவரின் பாங்கும் இன்னொருவரின் கோயில் மணியும் மற்றவர் காதில் விழாமல் இருக்க வழியில்லை. அதனால் எந்த ஓசைக்கு எந்த நேரம் என்பது எல்லாருக்கும் தெரிந்த ஒழுங்காகவே இங்கே வளர்ந்தது.

மட்டாஞ்சேரியின் இன்னொரு மரபையும் சொல்ல வேண்டும். 1954-ல் வந்த ‘நீலக்குயில்’ படத்தில் பாடிய மெஹபூப் இந்த மண்ணில் பிறந்தவர். கஜல் பாடகர் உம்பாயி 2018-ல் மறையும்வரை இந்தப் பக்கத்தின் பெருமையாக விளங்கினார். மெஹ்ஃபில் என்னும் இரவு இசைக் கூடலில் ஆர்மோனியத்தின் ஒரு சுரம் நழுவினாலும் தெரிந்துகொள்ளும் ரசிகர்கள் இங்கே இருக்கிறார்கள். மெஹ்ஃபிலில் மூச்சையடக்கிக் கேட்பவரே கலூரில் தொண்டை கிழியக் கத்துகிறார். கால்பந்து ரசிகர்களுக்கு அமைதியின் அருமை தெரியாது என்று பேசுபவர்கள் இவரைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

கலூர் ஜவாஹர்லால் நேரு அரங்கம் 1996-ல் திறக்கப்பட்டது. அது பெருநகரக் கொச்சி வளர்ச்சி ஆணையத்தின் சொத்து. ஊரின் நடுவே, குடியிருப்புகளையும் கடைவீதியையும் ஒட்டி நிற்கிறது. கேலரிகளுக்குக் கீழேயே கடைகள் இயங்குகின்றன. 2017 அக்டோபரில் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை ஆட்டங்கள் இங்கே நடந்தபோது அந்தக் கடைகளை மூடவைத்தார்கள். ஆபத்து நேர்ந்தால் கூட்டம் வெளியேற வழி போதாது என்று பார்வையாளர் எண்ணிக்கையையும் சுமார் 29,000-க்குக் குறைத்தார்கள். அறுபதாயிரம் பேருக்கும் மேல் கூடக்கூடியதாகப் பேசப்பட்ட அரங்கம் இது. உள்ளே எழும் சத்தம் கான்கிரீட் படிகளில் மோதி ஆடுகளத்துக்கே திரும்புகிறது. திறந்த மேற்புறம் வழியாக ஊருக்குள்ளும் இறங்குகிறது.

2014-ல் இந்தியன் சூப்பர் லீக் தொடங்கியது. சச்சின் டெண்டுல்கரைப் பங்குதாரராகக் கொண்டு கேரளா பிளாஸ்டர்ஸ் பிறந்தது. அதே ஆண்டில் மஞ்ஞப்பட என்ற ரசிகர் அமைப்பும் உருவானது. அணி 2014, 2016, 2022 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் இறுதியாட்டம்வரை போய்த் தோற்றது. 2016 டிசம்பர் 18 அன்று சொந்த அரங்கத்திலேயே, பெனால்டியில் கொல்கத்தாவிடம் கோப்பையைப் பறிகொடுத்தது. வெற்றிக் கோப்பை இல்லாத அணிக்கு இவ்வளவு கூட்டம் ஏன் வருகிறது என்று வெளியூர்க்காரர்கள் வியப்பதுண்டு. மஞ்ஞப்பட கூடும் கிழக்கு கேலரியில் ஒரு முறை நின்றவர் அப்படிக் கேட்க மாட்டார். அங்கே வருபவர்களில் பலர் ஆட்டத்தைப் பார்க்க மட்டும் வருவதில்லை. ஆட்டத்தில் பங்கெடுக்கவே வருகிறார்கள்.

அந்தப் பங்கெடுப்பைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான் புரியும். கேலரியின் முன்வரிசைக் கம்பியருகே ஒருவர் ஆடுகளத்துக்கு முதுகைக் காட்டியபடி நிற்கிறார். தொண்ணூறு நிமிடத்தில் பெரும்பகுதியை அவர் பார்ப்பதே இல்லை. பார்வை முழுக்கக் கூட்டத்தின் முகங்கள் மீதே இருக்கிறது. எங்கே குரல் தளர்கிறது, எந்தப் பக்கம் கைகள் கீழே இறங்கிவிட்டன என்று பார்த்து, மேளக்காரர்களுக்குக் கண்ணால் சைகை காட்டுகிறார். நாசிக் டோலின் கனத்த அடி நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்குகிறது. தாஷா என்ற சிறு மேளத்தின் மெல்லிய குச்சிகள் அதற்கு மேலே பொரிகின்றன. எதிரணி முன்னேறும்போது தாளம் நெருக்கமாகிறது, நம் கோல்காவலர் பந்தைப் பிடித்ததும் தளர்கிறது. மூலை உதைக்குப் பந்தை வைக்கும்போது எல்லாக் கைகளும் தலைக்கு மேல் போகின்றன. தாளம் ஒரு நொடி நிற்கிறது. பிறகு ஒரே கைதட்டல். 2016-ல் ஐஸ்லாந்து ரசிகர்கள் ஐரோப்பியக் கோப்பையில் காட்டிய கைதட்டல் அது. கொச்சி அதைத் தனதாக்கிக்கொண்டது.

இவ்வளவு எளிதாகத் தனதாக்கிக்கொள்ள முடிந்ததற்குக் கேரளத்தின் பூரத் திருவிழா ஒரு காரணம். திருச்சூர்ப் பூரத்தின் இலஞ்சித்தற மேளத்தின்போது ஆயிரக்கணக்கானவர்கள் செண்டையின் அடிக்கேற்பக் கையை வானில் வீசுகிறார்கள். செண்டை மேளத்தின் இன்னொரு வகையான பஞ்சாரி மேளம் 96 அட்சரத்தில் தொடங்கி, 48, 24, 12 என்று குறுகி, கடைசியில் 6 அட்சரத்தில் கொதித்து முடியும். மணிக்கணக்கில் ஏறும் இந்த வேகத்தைச் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்த கூட்டத்துக்கு, எங்கே ஏற வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்பது தெரியும். மலபாரின் செவன்ஸ் மைதானங்கள் இன்னொரு பள்ளி. அறுவடை முடிந்த வயலில் தற்காலிகக் கேலரி கட்டி, அறிவிப்பாளர் ஓயாமல் பேச, ஊரே கூடி ஏழு பேர் அணிகளின் ஆட்டத்தைப் பார்க்கும் வழக்கம் அது. கேரளம் முதன்முதலில் தேசிய அளவிலான சந்தோஷ் கோப்பையை வென்றது 1973-ல் எர்ணாகுளத்தில்தான். ரயில்வேக்கு எதிராக மூன்று கோலும் அடித்த அணித்தலைவர் மணியின் பெயரை அந்தத் தலைமுறை இன்றும் உற்சாகமாகச் சொல்கிறது. கலூரின் முழக்கம் இந்த நீண்ட தொடர்ச்சியில் வந்தது. 2014-ல் ஒரு நிறுவனம் விளம்பரத்துக்காக மூட்டிவிட்டதாக அதை நினைப்பது தவறு.

இனி மறுபக்கம். சத்தம் கெடுதல் செய்கிறதா? செய்கிறது. ஒலியின் அளவு கணக்கு நம் இயல்பான கணக்குக்கு ஒத்துவராது. மூன்று டெசிபல் கூடினால் ஒலியாற்றல் இரட்டிப்பாகிவிடும். 85 டெசிபல் சத்தத்தில் நாளுக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்று அமெரிக்காவின் பணியிடச் சுகாதார ஆய்வு நிறுவனம் வரையறுக்கிறது. அதே கணக்குப்படி 94-ல் ஒரு மணி நேரம். 100-ல் வெறும் கால் மணி நேரம். 2024 ஏப்ரலில் லக்னோ கிரிக்கெட் அரங்கத்தில் தோனி மட்டையுடன் இறங்கியபோது, லக்னோ அணி வீரர் குவின்டன் டி காக்கின் மனைவி கட்டியிருந்த கைக்கடிகாரம் 95 டெசிபலைக் காட்டி, பத்து நிமிடம் இப்படியே இருந்தால் தற்காலிகமாகச் செவி மந்தமாகலாம் என்று எச்சரித்தது. அவர் அதைப் படம் பிடித்துப் பகிர்ந்தார். தமிழ்நாட்டில் அதைப் பெருமையோடு பரப்பினோம். 2014 செப்டம்பரில் அமெரிக்காவின் கான்சாஸ் சிட்டி ரசிகர்கள் 142.2 டெசிபல் எழுப்பி கின்னஸ் சாதனை படைத்தார்கள். அந்தச் சாதனையும் கொண்டாடப்பட்டது. அந்த அரங்கங்களில் மடியில் உட்கார்ந்திருந்த குழந்தைகளின் காதுகளைப் பற்றி அதிகம் பேர் பேசவில்லை. இசையரங்குகளிலும் கேளிக்கைக் கூடங்களிலும் கால் மணி நேரச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் ஒரு தரநிலை வகுத்தது. விளையாட்டரங்கங்களை நடத்துபவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

நியாயம் பற்றிய கேள்வியும் உண்டு. நெவில், பால்மர், வில்லியம்ஸ் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2002-ல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. தகுதிபெற்ற நடுவர்கள் 40 பேருக்கு லிவர்பூல் - லெஸ்டர் ஆட்டத்தின் 47 மோதல்களைக் காணொளியில் காட்டினார்கள். ஒரு சாராருக்குக் கூட்டத்தின் சத்தத்தோடு, மற்றவர்களுக்குச் சத்தமே இல்லாமல். சத்தம் கேட்டவர்கள் சொந்த மைதான அணிக்கு எதிராகக் கொடுத்த தவறுகள் 15.5 சதவீதம் குறைந்திருந்தன. கூட்டத்தின் கூச்சல் நடுவர் மனத்தில் ஐயத்தை விதைக்கிறது. ஐயம் வந்ததும் விசில் உதட்டிலேயே நின்றுவிடுகிறது. பெருந்தொற்றின்போது ஆளில்லா அரங்கங்களில் ஆட்டங்கள் நடந்ததும், சொந்த மைதானத்தின் சாதகம் பல லீக்குகளில் குறைந்தது. வெளியூர் அணிக்கு மட்டும் கூடுதலாக விழும் மஞ்சள் அட்டைகளின் ஏற்றத்தாழ்வும் சுருங்கியது.

இதைக் காட்டிக் கூட்டத்தின் வாயை அடைக்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. சத்தத்தால் நடுவர் தடுமாறுகிறார் என்றால் அவருக்குத் துணை கொடுக்க வேண்டும். இந்தியன் சூப்பர் லீக் பத்தாண்டுகளைக் கடந்தும் காணொளி நடுவர் முறையைக் கொண்டுவரவில்லை. 2023 மார்ச் 3 அன்று பெங்களூரில், அவ்வூர் அணியின் சுனில் சேத்ரி எதிரணி தயாராகும் முன்பே அடித்த ஃப்ரீ கிக்கை நடுவர் கோலாக ஏற்றதும், பிளாஸ்டர்ஸ் வீரர்கள் ஆட்டத்தைப் பாதியில் விட்டு வெளியேறினார்கள். அதற்கு அணி மீது விழுந்த அபராதம் நான்கு கோடி ரூபாய். மறு ஆய்வுக்கு வழியில்லாத ஒரு முடிவு எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போகும் என்பதற்கு அந்த இரவு சாட்சி.

அக்கம்பக்கத்தாரின் புகார்தான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. அரங்கத்துக்குள் இருப்பவர் விரும்பி டிக்கெட் வாங்கியவர். எதிர்ச் சாலை அடுக்குமாடியில் தேர்வுக்குப் படிக்கும் மாணவியோ, அறுவைச் சிகிச்சை முடிந்து கிடப்பவரோ எந்த டிக்கெட்டும் வாங்கவில்லை. அவர்களுக்காகவே 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்தன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதியில் 65, 55. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம் என்று அவை வகுக்கின்றன. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 மணி வரை. அதே ஆண்டில் உச்ச நீதிமன்றம் சென்னை மாதவரம் நெடுஞ்சாலையில் இருந்த ஒரு தேவாலயத்தின் வழக்கைத் தீர்த்தது. ஒலிபெருக்கியாலும் மேளத்தாலும் பிறர் அமைதியைக் குலைத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2005 ஜூலை 18 அன்று இன்னொரு பெரிய தீர்ப்பு வந்தது. அந்த வழக்கைத் தூண்டிய நிகழ்வு கொடூரமானது: பாலியல் வன்முறைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் அலறல், பக்கத்தில் ஒலித்த ஒலிபெருக்கி இசையில் யாருக்கும் கேட்காமல் போயிற்று. பின்னர் அவள் தீக்குளித்து இறந்தாள். ‘கொஞ்ச நேரச் சத்தம்தானே’ என்று சொல்ல வாய் திறக்கும் எவரும் இந்த வழக்கை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

விதிகளைக் கவனமாகப் படித்தால் ஒன்று புலப்படும். சட்டம் பெயர் சொல்லிக் கட்டுப்படுத்துபவை ஒலிபெருக்கி, ஆம்ப்ளிஃபையர், இசைக்கருவி, வெடி, வாகன ஹாரன் போன்றவை. மனிதத் தொண்டை அந்த வரிசையில் இல்லை. இரவு 10 மணிக்கு மேல் கருவி கூடாது. கலை, சமய விழாக்களுக்கு மாநில அரசு ஆண்டில் 15 நாட்களுக்கு மிகாமல் நள்ளிரவுவரை விலக்களிக்கலாம். விளையாட்டுக்கு அப்படி ஒரு விலக்கு சொல்லப்படவில்லை. ஆக, கிழக்கு கேலரியின் டோல் பத்து மணிக்கு நிற்க வேண்டியதுதான். அதற்கு மேல் கைகளும் குரலும் போதும்.

முழுத் தடை என்ன செய்யும் என்பதற்கு உலகம் பாடம் வைத்திருக்கிறது. 2010 உலகக் கோப்பையில் தென்னாப்பிரிக்காவின் வுவுசெலா தொலைக்காட்சி வழியாக எல்லார் வீட்டுக்குள்ளும் தேனீக் கூட்டம்போல நுழைந்தது. தடை கேட்டவர்களுக்கு ஃபிஃபா தலைவர் பிளாட்டர் இணங்கவில்லை. ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பியக் கால்பந்து ஒன்றியம் தன் போட்டிகளில் அதைத் தடுத்தது. அந்தத் தடையை நான் ஏற்கிறேன். ஒரே சுரத்தைத் தொண்ணூறு நிமிடம் ஊதும் அந்தக் குழாய் பாட்டையும் கோஷத்தையும் விழுங்கிவிடுகிறது. கூட்டம் ஆட்டத்துக்கு எதிர்வினை காட்டுவதையே அது மறைத்துவிடுகிறது. 2014 உலகக் கோப்பைக்காக பிரேசிலில் வடிவமைத்த கஷிரோலா என்ற கிலுகிலுப்பையை, ரசிகர்கள் மைதானத்துக்குள் வீசியெறிந்ததும் தடுத்தார்கள். அதுவும் சரியே.

மேற்கிந்தியத் தீவுகளில் 2007-ல் நடந்தது வேறு கதை. கிரிக்கெட் உலகக் கோப்பையை நடத்தியவர்கள் சங்கு, மேளம், எக்காளம் எல்லாவற்றுக்கும் முன் அனுமதி வேண்டும் என்றார்கள். டிக்கெட் விலையும் உள்ளூர்க்காரர்களுக்கு எட்டவில்லை. ஆன்டிகுவாவின் பழைய மைதானம் டெஸ்ட் போட்டிகளின்போது பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் பெயர்பெற்றது. அந்த ஊரில் புதிதாகக் கட்டிய அரங்கத்தின் வரிசைகள் வெறிச்சோடிக் கிடந்தன. எதிர்ப்பு வலுத்ததும் கெடுபிடியைத் தளர்த்தினார்கள். ஆனால் போட்டியின் உயிர் அதற்குள் போய்விட்டிருந்தது. கரீபியக் கிரிக்கெட்டுக்குக் கரீபியக் கூட்டம் தேவையில்லை என்று அலுவலகத்தில் உட்கார்ந்து எடுத்த முடிவு அது. இலங்கையில் பப்பரே வாத்தியம் இல்லாத பள்ளிக் கிரிக்கெட்டை நினைத்துப் பார்க்க முடியுமா? 1904-ல் தொடங்கிய, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் சென் ஜோன்ஸ் கல்லூரிக்கும் இடையிலான ‘வடக்கின் பெரும் சமர்’ நடக்கும் நாட்களில், போர் தின்று தீர்த்த ஊரில் பழைய மாணவர்கள் மேளத்தோடு திரள்வதைச் சத்தம் என்று மட்டும் யார் எழுதுவார்?

கொச்சிக்கும் அமைதிச் சோதனை ஒன்று நேர்ந்தது. பெருந்தொற்றால் 2020-21, 2021-22 பருவங்கள் கோவாவில், பெரும்பாலும் ஆளில்லா அரங்கங்களில் நடந்தன. தொலைக்காட்சியில் கூட்டத்தின் பதிவு செய்த ஆரவாரத்தைப் பின்னணியில் ஓடவிட்டார்கள். கூட்டத்தின் சத்தம் இல்லாமல் ஆட்டத்தை விற்க முடியாது என்பதை லீக் தன் செயலாலேயே ஒப்புக்கொண்டது. 2022 அக்டோபர் 7 அன்று ஈஸ்ட் பெங்காலுக்கு எதிராகப் புதிய பருவம் கலூரில் தொடங்கியபோது அரங்கம் நிரம்பி வழிந்தது. பிளாஸ்டர்ஸ் 3-1 என்று வென்றது.

உண்மையில் கேரளத்து மைதானங்களில் உடல்களைச் சிதைத்தது ரசிகர்களின் சத்தமல்ல, வேறு. 2022 மார்ச்சில் மலப்புறம் மாவட்டத்தில் செவன்ஸ் ஆட்டத்தின்போது தற்காலிகக் கேலரி சரிந்து ஏராளமானோர் காயமடைந்தார்கள். 2025 பிப்ரவரியில் அரீக்கோடு அருகே செவன்ஸ் இறுதியாட்டத்துக்கு முன் கொளுத்திய வாணவெடி பார்வையாளர்கள் நடுவே பாய்ந்தது; முப்பதுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். இத்தனைக்கும் கொல்லம் பரவூர் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரலில் நூறுக்கும் மேற்பட்ட உயிர்களை வெடி பலிகொண்ட பிறகு, சூரியன் மறைந்தபின் பேரொலி வெடிகளைக் கொளுத்தக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. கலூர் அரங்கத்திலேயே 2024 டிசம்பர் 29 அன்று, பல்லாயிரம் பேர் ஆடிய நடன நிகழ்ச்சியில், சட்டமன்ற உறுப்பினர் உமா தாமஸ் தற்காலிக மேடையிலிருந்து தவறி விழுந்து படுகாயமடைந்தார். முறையான தடுப்பு வேலி இருந்திருந்தால் அவர் விழுந்திருக்க மாட்டார். ரசிகன் கையிலுள்ள மேளக்குச்சியை வாசலில் பிடுங்கும் அக்கறையில் பாதியாவது படிக்கட்டுக்கும் கைப்பிடிக்கும் காட்டியிருக்கலாம்.

அரங்கத்துச் சத்தத்தில் ரசிகர்களின் பங்கு எவ்வளவு என்பதையும் கேட்க வேண்டும். கோல் விழுந்ததும் வெடிக்கும் பதிவிசை, இடைவேளை விளம்பரம், வீரர் பெயரை இழுத்து முழங்கும் அறிவிப்பு, கிரிக்கெட்டில் ஓவருக்கு ஓவர் டிஜே போடும் பாட்டு எல்லாமே நிர்வாகத்தின் பொத்தானில் இருக்கின்றன. சேப்பாக்கத்தில் ரசிகர்கள் தாமாக அடிக்கும் விசில் இந்த ஒலிபெருக்கிப் பெட்டிகளின் முன் அமுங்கிப்போகிறது. சென்னை அணி விசிலையே தன் முழக்கமாக்கி விற்றது. விசிலடிப்பவருக்கு மூச்சுவிட இடம் கொடுப்பதில்லை. 1999 ஜனவரி 31 அன்று, டெண்டுல்கர் 136 அடித்தும் இந்தியா 12 ரன்னில் தோற்றபோது, சேப்பாக்கம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. பெட்டி பாடிக்கொண்டிருக்கும் அரங்கத்தில் அப்படி ஒரு கைதட்டல் பிறக்க இடமேது? கூட்டம் தானாக எதை உணர்கிறது என்று கேட்கவாவது கொஞ்சம் வெற்றிடம் வேண்டும்.

இன்னொரு காரணத்துக்காகவும் கூட்டத்தின் குரலை நிர்வாகத்தின் பொறுப்பில் விடக் கூடாது. 2024 டிசம்பரில், அடுத்தடுத்த தோல்விகளால் வெறுத்துப்போன மஞ்ஞப்பட, அணி உரிமையாளர்கள் மீது அதிருப்தியை வெளிப்படையாக அறிவித்தது. டிக்கெட் விற்பனையில் இனித் தான் கைகொடுப்பதில்லை என்றது. அணியைத் தூக்கிப் பிடித்த அதே கேலரியிலிருந்து நிர்வாகத்துக்கு எதிரான கோஷம் எழுந்தது. பயிற்சியாளர் மிக்கேல் ஸ்டாரே அதே மாதம் நீக்கப்பட்டார். பங்கு வைத்திருப்பவருக்குப் பங்குதாரர் கூட்டத்தில் வாக்கு உண்டு. ரசிகனுக்கு அது இல்லை. அவனிடம் இருப்பது குரல். அதைத் தேவைப்படும்போது விளம்பரப் படத்தில் காட்டி, கசக்கும்போது ‘ஒழுங்கு’ என்று சொல்லி அடக்கும் உரிமை எந்த நிறுவனத்துக்கும் கிடையாது. இனவெறி வசையும், பெண்களைக் கேவலப்படுத்தும் கோஷமும், பாட்டில் வீச்சும் வேறு. அவற்றைச் செய்தவரைத் தனியே பிடித்து வெளியேற்றுங்கள், கேலரி முழுவதையும் தண்டிக்க வேண்டாம்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? ஜப்பானின் தொழில்முறை பேஸ்பாலில் எக்காளமும் மேளமும் ஆட்டம் முழுக்க முழங்கும். ஆனால் டோக்கியோவின் ஜிங்கு, நிஷினோமியாவின் கோஷியென் போன்ற குடியிருப்பு சூழ்ந்த அரங்கங்களில் இரவு பத்து மணியானதும் கருவிகள் நின்றுவிடும். ஆட்டம் நீண்டாலும் ரசிகர்கள் வாயாலும் கையாலும் மட்டுமே தொடர்கிறார்கள். ரசிகர் குழுக்களே அதைக் காக்கின்றன, போலீஸ் தேவைப்படுவதில்லை. எந்த ஓசைக்கு எந்த நேரம் என்று வாழப் பழகிய மட்டாஞ்சேரிக்காரருக்கு இது புதிய பாடமாக இருக்காது.

இங்கிலாந்தின் சண்டர்லாந்து அணி 2015-ல் தன் அரங்கத்தில், சத்தம் தாங்க முடியாத ஆட்டிசக் குழந்தைகள் கண்ணாடிக்குப் பின்னிருந்து ஆட்டம் பார்க்கத் தனி அறை திறந்தது. கலூரில் அப்படி ஓர் அறைக்கு இடமில்லாமல் போகாது. மேளத்திலிருந்து தள்ளியிருக்கும் ஒரு பகுதியைக் குழந்தையோடு வருபவர்களுக்கும் முதியவர்களுக்கும் ஒதுக்கலாம். வாசலில் பஞ்சுக் காதடைப்பானைச் சில ரூபாய்க்கு விற்கலாம், மேளக்காரர்களுக்கு இலவசமாகவே கொடுக்கலாம். டோலுக்கு ஓரடி தூரத்தில் இரண்டு மணி நேரம் நிற்கும் இளைஞர்களின் காதுதான் முதலில் கெடும். அவர்களைக் குற்றவாளிகளாக மட்டுமே பார்த்துப் பழகிய நமக்கு இது தோன்றுவதே இல்லை.

எல்லாவற்றையும்விட எளிதான, எல்லாரும் தட்டிக்கழிக்கும் தீர்வு ஆட்ட நேரம். எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டம், இடைவேளையும் கூடுதல் நிமிடங்களும் சேர்ந்து பத்தை நெருங்கிவிடுகிறது. கூட்டம் தெருவில் கலைய இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். கொச்சங்காடிக்காரர் வீடு சேர நள்ளிரவாகிவிடும். ஏழு மணிக்குத் தொடங்கினால் ஒன்பதுக்குள் முடிந்துவிடும். சட்டமும் மீறப்படாது, மேளமும் நிற்க வேண்டியதில்லை. நேரத்தை முடிவு செய்வது தொலைக்காட்சி ஒப்பந்தம். ரசிகனோ அண்டை வீட்டுக்காரரோ அந்த மேசையில் இல்லை. அரங்கத்தின் உரிமையாளரான வளர்ச்சி ஆணையம் ஓர் அரசு அமைப்பு என்பதால், அரங்கத்தை வாடகைக்கு விடும் ஒப்பந்தத்திலேயே தொடக்க நேரத்தையும், எல்லைச் சுவரில் ஒலி அளவைப் பதிவு செய்து வெளியிடுவதையும், பதிவிசைக்கு உச்ச அளவையும் நிபந்தனையாக எழுத முடியும். அந்த நிபந்தனைகளை வரையும்போது கலூர் குடியிருப்போர் சங்கங்களையும் கிழக்கு கேலரியின் மேளக்காரர்களையும் ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டும். வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் அந்த வாய்ப்பு ஆணையத்தின் கையில் இருக்கிறது.